கானலைப் படிக்கும் கண்ணாடி

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உள்ள பிஸ்லியில் ஸ்டிக்கிள்டவுன் என்று ஒரு சுடுதளம் இருக்கிறது. ஜூலை வெயிலில், புல்தரையில் ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். இடது கையில் தோல் வார் இறுகச் சுற்றியிருக்கிறது. கன்னம் ரைபிளின் கட்டையில் பதிந்திருக்கிறது. எதிரே 1,000 கெஜம், அதாவது 914 மீட்டர் தள்ளி, இலக்குப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. பலகையின் நடுவே முழுப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு சுமார் 60 சென்டிமீட்டர். வெறும் கண்ணுக்குப் பலகை முழுவதுமே, நீட்டிய கையில் பிடித்த எள்ளளவுதான்.

அவருடைய ரைபிளின் மேல் தொலைநோக்கி கிடையாது. ‘டார்கெட் ரைபிள்’ என்ற இந்தப் போட்டிப் பிரிவில் அதற்கு அனுமதி இல்லை. பின்னால் ஊசித்துளை போன்ற ஒரு பார்வைத் துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். ஆனால் இடது தோள்பட்டைக்குப் பக்கத்தில், தரையில் ஊன்றிய கம்பி ஒன்றில் ஒரு தடித்த குழாய் பொருத்தப்பட்டிருக்கிறது. அதுதான் ஸ்பாட்டிங் ஸ்கோப். தலையைத் தூக்காமலே இடது கண்ணை அதன் கண்லென்சுக்குக் கொண்டுபோகிறார். இலக்குக்கு முன்னே, வாய்க்கால் தண்ணீர் போல வலமிருந்து இடமாக ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டம் சற்றே மெலிகிறது. பின்பக்கப் பார்வைத் துளையின் திருகை இரண்டு கிளிக் திருப்புகிறார், சுடுகிறார். குண்டு போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகிறது.

அந்த இரண்டு கிளிக்கின் மதிப்பு 914 மீட்டரில் சுமார் 13 சென்டிமீட்டர். அதைத் திருப்பச் சொன்னது ஸ்கோப் வழியே அவர் பார்த்த காற்று. ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் இதை யோசிப்பதில்லை. காகிதத்தில் விழுந்த ஓட்டையைப் பார்ப்பதற்கான கருவி என்றே நினைத்துக் கடைக்குப் போகிறார்கள். போனதும் கேட்கிற முதல் கேள்வி: “எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும்?”

அந்தக் கேள்விக்கே முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வட்டத்தில் 360 பாகை. ஒரு பாகையில் 60 கலை. ஒரு கலையில் 60 விகலை. நல்ல கண்பார்வை உள்ளவர் ஒரு கலை அளவுக்கு நுணுக்கமான விவரத்தைப் பிரித்தறிவார். .22 ரக ரைபிளின் குண்டு 5.6 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. 50 மீட்டர் தள்ளியிருக்கும் காகிதத்தில் அது போடும் ஓட்டை, கண்ணுக்கு 23 விகலை அளவில் தோன்றும். அதாவது, கண்ணின் எல்லையில் பாதியைக்கூட எட்டவில்லை. 20 மடங்கு பெருக்கும் ஒரு சாதாரண ஸ்கோப்பை வைத்தால் அது ஏழரைக் கலையைத் தாண்டிவிடும். தாராளமாகத் தெரியும். 50 மீட்டர் சுடுபவருக்கு 60 மடங்கு எதற்கு?

தூரம் கூடும்போதுதான் சிக்கல். 300 மீட்டரில், 7.62 மி.மீ. குண்டின் ஓட்டை 5 விகலையை ஒட்டிச் சுருங்கிவிடுகிறது. 20 மடங்கில் அது இரண்டு கலைகூட இல்லை. 40 மடங்கு வைத்தால்தான் நிம்மதியாகப் பார்க்கலாம். 1,000 கெஜத்தில் அதே ஓட்டை 1.7 விகலை. இங்கே மடங்கைக் கூட்டிப் பயனில்லை. ஒளி அலையாக இருப்பதால் எந்த லென்சும் ஒரு புள்ளியைப் புள்ளியாகக் காட்டுவதில்லை, சிறு வட்டமாகவே காட்டுகிறது. அந்த வட்டம் எவ்வளவு சிறியது என்பதை முகப்பு லென்சின் அகலம் தீர்மானிக்கிறது. இரட்டை விண்மீன்களைப் பிரித்துப் பார்க்க வானியலாளர்கள் வைத்திருக்கும் எளிய விதி ஒன்று உண்டு: 116ஐ லென்சின் மில்லிமீட்டர் அகலத்தால் வகுத்தால் அது பிரித்துக்காட்டும் எல்லை விகலையில் வந்துவிடும். 80 மி.மீ. லென்சுக்கு 1.45 விகலை, 60 மி.மீ. லென்சுக்கு 1.9, 50 மி.மீ.க்கு 2.3. ஆயிரம் கெஜ ஓட்டை 80 மி.மீ. ஸ்கோப்பின் எல்லையிலேயே நிற்கிறது. அதுவும் காற்றே இல்லாத உலகத்தில்.

அதனால்தான் ஸ்டிக்கிள்டவுனில் யாரும் ஓட்டையைத் தேடுவதில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு மண்மேட்டின் மறைவில் இருப்பவர்கள் பலகையைக் கீழே இறக்கி, ஓட்டையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி மீண்டும் மேலே ஏற்றுகிறார்கள். தகடு 12 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் அது 27 விகலை. 50 மீட்டரில் இருக்கும் .22 ஓட்டையைவிடச் சுலபமாகத் தெரியும். 20 மடங்கே போதும்.

கறுப்பின் தொல்லை ஒன்று தனியாக இருக்கிறது. 50 மீட்டர் ரைபிள் இலக்கில் 112.4 மி.மீ. அகலக் கறுப்பு வட்டம் உண்டு. அதன் மையத்தில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 10.4 மி.மீ. வெள்ளைப் பகுதியில் விழுந்த ஓட்டை பளிச்சென்று தெரியும். நன்றாகச் சுடுபவருடைய ஓட்டைகளோ எல்லாமே கறுப்புக்குள் விழுகின்றன. கறுப்பில் ஒரு கறுப்பு ஓட்டை! மடங்கு கூடக்கூடப் படம் மங்கும், மங்கும்போது இந்த ஓட்டைதான் முதலில் காணாமல் போகும். தேவைப்படுவது வெளிச்சமும் துல்லிய வேறுபாடும்.

வெளிச்சத்துக்கும் எளிய கணக்கு இருக்கிறது. முகப்பின் அகலத்தை மடங்கால் வகுத்தால், கண்லென்சிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 80 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கு வைத்தால் 4 மி.மீ.; 60 மடங்கு வைத்தால் 1.3 மி.மீ. பகல் வெளிச்சத்தில் கண்மணி இரண்டு, மூன்று மி.மீ. திறந்திருக்கும். கற்றை அதைவிட மெலிந்தால் காட்சி இருட்டும், கண்ணைச் சற்று நகர்த்தினாலே படம் போய்விடும், 1 மி.மீ.யை நெருங்கும்போது கண்ணுக்குள் மிதக்கும் தூசிப் புள்ளிகள்கூட இலக்கின்மேல் நீந்த ஆரம்பிக்கும். அமெரிக்க நெடுந்தூரப் போட்டியாளர்களிடையே கோவா நிறுவனத்தின் 82 மி.மீ. ஸ்கோப்பும், 27 மடங்கு நிலையான கண்லென்சும் நீண்டகாலம் விருப்பமான ஜோடியாக இருந்தன. வகுத்துப் பார்த்தால் 3 மி.மீ. வருகிறது. கண்மணிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

இனி காற்றுக்கு வரலாம்.

காற்றும் ஒரு லென்ஸ்தான். அதன் ஒளிவிலகல் எண் 1.00028 அளவில் இருக்கிறது; வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் இந்த எண் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். அற்பமான மாற்றம். ஆனால் வெயில் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்றுக் குமிழ்கள் ஓயாமல் எழுந்து, குளிர்ந்த காற்றோடு கலக்காமல் புரள்கின்றன. ஒரு கிலோமீட்டர் தூரம் இப்படி ஆயிரக்கணக்கான பலவீன லென்சுகளைக் கடந்து வரும் ஒளி, நேராக வந்து சேராது. தமிழில் இதற்குக் கானல் என்று பெயர். பழைய பெயர் பேய்த்தேர். இருக்கிற இடம் தெரியாமல் ஓடுகிற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியாது.

1966இல் டேவிட் ஃபிரீட் என்ற இயற்பியலாளர், கலங்கிய காற்றில் ஒளி அலை எவ்வளவு அகலத்துக்கு ஒழுங்கு குலையாமல் இருக்கும் என்பதற்கு ஓர் அளவை வகுத்தார். இரவு வானத்தைப் பார்க்கும் நல்ல மலையுச்சியில் அது 10 செ.மீ.யைத் தாண்டும். வெயில் நேரத்தில் தரையை ஒட்டிய நெடும்பாதையில் சில சென்டிமீட்டருக்குச் சரிந்துவிடும். அதாவது உச்சி வெயிலில், விலை உயர்ந்த 95 மி.மீ. லென்சும் மலிவான 50 மி.மீ. லென்சும் ஏறக்குறைய ஒரே நுணுக்கத்தைத்தான் காட்டும். மடங்கைக் கூட்டினால் பெரிதாவது குழப்பம் மட்டுமே.

சுடுபவர்கள் இந்தக் குழப்பத்தையே பிழைப்புக்கு வழியாக்கிக்கொண்டார்கள். குமிழ்கள் காற்றோடு போகின்றன அல்லவா? அவற்றின் ஓட்டத்தைப் பார்த்தால் காற்றின் ஓட்டம் தெரியும். மெல்லிய காற்றில் அலைகள் செங்குத்தாக எழுந்து ஒரு பக்கமாகச் சாயும். காற்று வலுக்க வலுக்கச் சாய்வு கூடும். மணிக்கு 13 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் அலைகள் தட்டையாகப் படுத்து ஓடும். அதற்கு மேல் போனால் சூடும் குளிரும் கலந்துவிட, கானல் ஏறக்குறைய மறைந்துபோகும். அப்போது கொடிகளைத்தான் நம்ப வேண்டும். காற்று சுத்தமாக நின்றுவிட்டாலோ, பார்வைக் கோட்டின் வழியாகவே முன்னாலோ பின்னாலோ வீசினாலோ, அலைகள் எந்தப் பக்கமும் சாயாமல் உலை கொதிப்பதுபோல் மேல்நோக்கித் துள்ளும். ஆங்கிலம் பேசும் சுடுதளங்களிலும் இதைக் ‘கொதி’ என்றே சொல்கிறார்கள். காற்றின் திசையைக் கண்டுபிடிக்கவும் இதுவே வழி: ஸ்கோப்பை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனால், கானல் எந்தத் திசையில் கொதிக்கிறதோ அந்தக் கோட்டில் காற்று வீசுகிறது.

1,000 கெஜத்தில், .308 ரக ரைபிளுக்குப் பக்கக் காற்று மணிக்கு 1.6 கி.மீ. மாறினால் குண்டு ஏறக்குறைய ஒரு கலை, அதாவது கால் மீட்டருக்கு மேல், விலகும். முழுப் புள்ளி வட்டத்தின் மையத்தைக் குறிவைத்தவருக்கு இரு பக்கமும் 30 செ.மீ.தான் இடம். நாய்க்குடையைக்கூட அசைக்காத காற்று போதும், பரிசு போய்விடும்.

கானலைப் பார்க்க ஸ்கோப்பின் குவியத்தை இலக்கில் வைக்கக் கூடாது. இலக்கு கூர்மையாகத் தெரிந்த பிறகு, குவியத் திருகை இன்னும் கொஞ்சம், அருகில் உள்ளதைப் பார்க்கும் பக்கமாகத் திருப்ப வேண்டும். பலகையின் விளிம்பு லேசாக மங்கும். அதற்கு முன்னே ஓட்டம் துலங்கும். பாதித் தூரத்துக்கும் மூன்றில் இரண்டு பங்குத் தூரத்துக்கும் இடையே குவியம் வைப்பது வழக்கம். காற்றின் தள்ளுதல் தொடக்கத்தில் பட்டால் அது குண்டின் திசையையே மாற்றி, மீதித் தூரம் முழுக்க விலகலை வளர்த்துக்கொண்டு போகும். இலக்கை நெருங்கும்போது பட்டால் வளர நேரமில்லை. ஆகவே இலக்கின் அருகே வீசும் காற்றைவிட நடுவழிக் காற்றை அறிவது முக்கியம். அதற்கு 20 முதல் 30 மடங்கு வரை சரியான அளவு. 60 மடங்கில் கானல் ஓர் ஓட்டமாகத் தெரியாது, வெறும் கொந்தளிப்பாகத்தான் தெரியும். குவியத் திருகு மென்மையாக, இடைவெளித் தளர்வில்லாமல் சுழல வேண்டும் என்பதும் இதனால்தான். கடையில் இதைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு.

இதில் ஓர் எச்சரிக்கை. 1,000 கெஜம் போகும் .308 குண்டு நேர்கோட்டில் போவதில்லை. வழியில் பார்வைக் கோட்டுக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறது. கானல் தெளிவாகத் தெரிவதோ தரையை ஒட்டி. மேலே காற்று இன்னும் வேகமாக இருக்கலாம். அனுபவசாலிகள் கானலையும் கொடியையும் சேர்த்தே படிக்கிறார்கள்.

பக்கத்தில் பயிற்சியாளர் ஒருவர் இருந்தால் இன்னொரு காட்சியும் கிடைக்கும். சுடுபவருக்கு நேர் பின்னால் ஸ்கோப்பை வைத்துப் பார்த்தால், ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டுக்குப் பின்னே கண்ணாடிபோல் ஒரு சுழிப்பு, வளைந்த கோடாக ஏறி இலக்கில் இறங்குவது தெரியும். ‘டிரேஸ்’ என்பார்கள். அழுத்தம் மாறிய காற்று ஒளியை வளைப்பதால் வருவது. பீட்டர் சால்ஷர் 1886இல் பறக்கும் குண்டின் அதிர்வலையைப் படமெடுத்ததும், எர்ன்ஸ்ட் மாக் அதை ஆராய்ந்து மறு ஆண்டு வெளியிட்டதும் இதே ஒளிவளைவை நம்பித்தான். மாக் என்ற பெயர் இன்று ஒலிவேக அளவாக எல்லோர் வாயிலும் புழங்குகிறது. அவர் ஆய்வுக்கூடத்தில் பார்த்ததை, நல்ல வெயில் நாளில் எவரும் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் பார்க்கலாம்.

கண்ணாடியின் தரத்துக்கு வருவோம். ஒரே லென்ஸ், சிவப்பையும் நீலத்தையும் வெவ்வேறு இடத்தில் குவிக்கும். லண்டனில் ஜான் டாலண்ட், இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து இதைத் திருத்தும் லென்சுக்கு 1758இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பே செஸ்டர் மூர் ஹால் என்ற வழக்கறிஞர் அதைச் செய்து பார்த்திருந்தார். இன்றைய சாதாரண ஸ்கோப்புகளும் அந்த வழியில்தான் இயங்குகின்றன. கொஞ்சம் நிறப்பிசகு மிஞ்சும். அது கறுப்பு வட்டத்தின் விளிம்பில் ஊதா ஒட்டாகத் தெரியும். கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கும் கோட்டில் ஒட்டியிருக்கும் ஓட்டையை இந்த ஊதா விழுங்கிவிடும். எர்ன்ஸ்ட் அபே 1886இல் ஃபுளோரைட் படிகத்தை நுண்ணோக்கி லென்சில் சேர்த்து இதை ஏறக்குறைய ஒழித்தார். இப்போது கோவாவின் 88 மி.மீ. ஸ்கோப்பில் அதே படிகம் இருக்கிறது, மற்றவர்கள் ‘ஈ.டி.’ என்று குறிக்கும் தனிவகைக் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள்.

லென்ஸ் மேல் பூசும் படலத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டால் போதும்.

குழாய் நேராகவா, 45 பாகை வளைந்தா? பறவை பார்ப்பவர்கள் இதை வைத்து நாள் முழுக்க வாதிடுவார்கள். படுத்துச் சுடுபவருக்கு வாதமே இல்லை, வளைந்ததுதான். நேர்க்குழாயில் பார்க்க அவர் கழுத்தை நீட்டித் தலையை ரைபிளிலிருந்து எடுக்க வேண்டும். திரும்பக் கன்னத்தை வைக்கும்போது அது அதே இடத்தில் படியாது. கன்னம் சில மில்லிமீட்டர் மாறினால் பார்வைத் துளைக்குப் பின்னே கண் மாறும். அடுத்த குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வளைந்த ஸ்கோப்பில், குழாயைப் பிடிக்கும் வளையத்தைத் தளர்த்தி, கண்லென்சைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொள்ளலாம். வலது கையால் சுடுபவருக்கு அது இடது கண்ணுக்கு வரும். கண்ணாடி அணிபவர், கண்லென்சிலிருந்து 18, 20 மி.மீ. தள்ளி நின்றும் முழுப் படமும் தெரியும் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வாங்கியவர்கள், போட்டி நாளில் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் இலக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஸ்டாண்டுக்குப் பணம் ஒதுக்காமல் எல்லாவற்றையும் லென்சில் போடுவது பரவலான தவறு. 30 மடங்கு பெருக்கும் கருவி, தன் நடுக்கத்தையும் 30 மடங்கு பெருக்கும். ஒல்லியான ஸ்டாண்டில், கண்லென்சை இமை தொட்டாலே காட்சி துள்ளும். கானலின் சாய்வு எது, ஸ்டாண்டின் ஆட்டம் எது என்று பிரிக்க முடியாது. கனமான அடிப்பாகமும் தடித்த கம்பியும் கொண்ட ஸ்டாண்டில் நடுத்தரமான 65 மி.மீ. ஸ்கோப், ஆடும் ஸ்டாண்டில் உள்ள உயர்தர 80 மி.மீ.யைவிட அதிகம் காட்டும்.

மின்னணு இலக்குகள் வந்துவிட்டதால் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஒலிம்பிக்கில் காகித இலக்கு போய்ப் பல காலம் ஆயிற்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கிச் சுடுதல் ஷாத்தோரூவில் நடந்தது; 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேவின் ஒவ்வொரு குண்டும் விழுந்த இடத்தை, பக்கத்துத் திரை உடனே காட்டியது. ஆனால் குண்டு ஏன் அங்கே போனது என்று திரை சொல்லாது. 50 மீட்டர் தளங்களில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சிறு காற்றுக் கொடிகள் இன்றும் கட்டப்படுகின்றன. காற்றை அறிய, ரைபிளில் பொருத்தாத தொலைநோக்கியை வைத்துக்கொள்ள 50 மீட்டர் ரைபிள் விதிகளும் இடம் தருகின்றன. காகிதத்தில் பயிற்சி செய்யும் கிளப்புகளிலோ ஸ்கோப் இல்லாவிட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் இலக்கை இழுத்துப் பார்க்க வேண்டும்.

வாங்குமுன் சோதித்துப் பார்க்க, தமிழ்ச் செய்தித்தாள் ஒன்று போதும். தாளை ஒரு சுவரில் ஒட்டி 50 மீட்டர் தள்ளிக் காலை 7 மணிக்கு, தரை சூடேறும் முன், ஸ்கோப்பை வைக்க வேண்டும். செய்தி எழுத்தில் ‘ன’வின் சுழியும் ‘ண’வின் சுழியும் அரை மில்லிமீட்டர் அளவுதான், 50 மீட்டரில் அது 2 விகலை. ‘ன’வில் இரண்டு சுழி, ‘ண’வில் மூன்று. சுழிகளை எண்ண முடிந்தால் அது நல்ல 80 மி.மீ. லென்ஸ். 50 மி.மீ. லென்சின் எல்லை 2.3 விகலை என்பதால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அதில் எண்ணுவது கடினம். எழுத்தின் ஓரத்தில் ஊதா ஒட்டிக்கொண்டிருக்கிறதா, படத்தின் நடுவில் உள்ள கூர்மை ஓரத்தில் எவ்வளவு குறைகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அதே தாளை அதே இடத்திலிருந்து நண்பகல் 12 மணிக்குப் பார்த்தால் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகக் கரைந்திருக்கும். அப்போது மடங்கை 25க்குக் குறைத்து, தலைப்பு எழுத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே, குவியத் திருகை மெல்ல அருகுப் பக்கம் திருப்ப வேண்டும். எழுத்து மங்க மங்க, அதற்கு முன்னே காற்று ஓடத் தொடங்கும். இரண்டு ஸ்கோப்புகளை அக்கம்பக்கம் வைத்து, எதில் அந்த ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பது சட்டென்று பிடிபடுகிறது என்று பார்த்து, அதை எடுத்துக்கொள்ளலாம்.